"கரண்ட் வேண்டாம், வெளிச்ச மருந்து குடுங்க"

போன மாதம் தாராவி தொண்ணூறடி சாலையிலிருந்து ஒரு அண்ணாச்சி வந்தார். தோல் பட்டறையில் பெல்ட் வெட்டுகிற வேலை, இருபது வருட மாவா (பாக்கும் புகையிலையும் கலந்தது) பழக்கம். இடது கன்னத்தின் உள்பக்கம் ஆறாத புண். வாயைத் திறந்து மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து உள்ளே விடச் சொன்னேன். ஒன்றரை விரலுக்கு மேல் போகவில்லை. கூட வந்த மனைவி கைப்பேசியை நீட்டினார். "டாக்டரம்மா, இவுகளுக்கு கரண்ட் வேண்டாம். இதுல காட்டுற வெளிச்ச மருந்த குடுங்க."

கரண்ட் வைப்பது என்று நம் ஊர்க்காரர்கள் சொல்வது கதிர்வீச்சு சிகிச்சையை. மும்பையில் இந்திக்காரர்கள் அதையே 'சிகாயி' என்பார்கள், ஒத்தடம் என்கிற அர்த்தத்தில். அந்தக் காணொளியில் இருந்தது வேறு: ஃபோட்டோடைனமிக் தெரபி, அதாவது மருந்தை உடம்பில் ஏற்றி, அதன்மேல் வெளிச்சம் காட்டிப் புற்றைக் கொல்லும் முறை. பேசப் பேசத்தான் தெரிந்தது, இவர்கள் ஏற்கெனவே ஓர் இடத்தில் எட்டு சிட்டிங் 'லேசர்' எடுத்திருக்கிறார்கள். அங்கே சதை எடுத்துச் சோதிக்கவில்லை, மருந்து எதுவும் ஏற்றவில்லை, சிவப்பு விளக்கைக் கன்னத்தில் காட்டியதோடு சரி. இரண்டு மாதம் அதிலேயே போய்விட்டது.

ஒரு குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். கதிர்வீச்சு எடுப்பவர்களுக்கு வாய் வெந்து போகாமலிருக்கப் பெரிய மருத்துவமனைகளிலும் சிவப்பு விளக்கு காட்டுவது உண்டு. அது புண்ணை ஆற்றுவதற்கு. புற்றைக் கொல்ல வெளிச்சம் மட்டும் போதாது, அதைப் பிடித்துக்கொள்ளும் மருந்து உள்ளே இருக்க வேண்டும்.

இது நமக்குப் புதிய யோசனை இல்லை. வெண்புள்ளிக்குக் கார்போகரிசியை அரைத்துப் பூசி வெயிலில் நிற்கச் சொல்வார்களே, அதிலும் மருந்தும் வெயிலும் சேர்ந்தால்தான் வேலை. (உள்ளே நடக்கும் வேதியியல் வேறு, அது இருக்கட்டும்.) 1900-இல் மியூனிக்கில் ஆஸ்கர் ராப் என்ற மாணவர், அக்ரிடின் சாயம் கலந்த நீரில் வாழும் ஒற்றைச்செல் உயிரிகள் வெளிச்சம் பட்டால் செத்துப்போவதையும் இருட்டில் பிழைத்துக்கொள்வதையும் எழுதி வெளியிட்டார். மருந்து வெளிச்சத்தை வாங்கி, பக்கத்திலிருக்கும் ஆக்சிஜனுக்குக் கொடுக்கிறது. வெறிபிடித்த அந்த ஆக்சிஜன் செல்லைச் சிதைக்கிறது. ஒரு மைக்ரான் தூரம் போவதற்குள் அதன் ஆயுள் முடிந்துவிடும். மருந்து எங்கே உட்கார்ந்திருக்கிறதோ அங்கேதான் அடி விழும்.

ஏன் சிவப்பு? இரவில் விளக்கை அணைத்துவிட்டு கைப்பேசி டார்ச்சை விரல் நுனியில் அழுத்திப் பாருங்கள். வெள்ளை வெளிச்சம்தான் உள்ளே போகிறது, மறுபக்கம் சிவப்பு மட்டும் வெளியே வருகிறது. நீலத்தையும் பச்சையையும் ரத்தம் குடித்துவிடும். அந்தச் சிவப்பும் சதைக்குள் ஒரு சென்டிமீட்டர் போவதற்குள் பெரும்பாலும் மங்கிவிடும். அண்ணாச்சியின் விரலிலேயே காட்டினேன். காணொளி செய்யாத வேலையை அது செய்தது.

முதல் தலைமுறை மருந்தான ஃபோட்டோஃப்ரின் 1995-இல் அமெரிக்காவில் உணவுக்குழாய்ப் புற்றுக்கு அனுமதி பெற்றது. ஊசி போட்டு, 40 முதல் 50 மணி நேரம் கழித்து, எண்டோஸ்கோப் வழியாக 630 நானோமீட்டர் சிவப்பு ஒளி. சிக்கல் என்னவென்றால், மருந்து தோலிலும் தங்கிவிடும். குறைந்தது 30 நாள் வெயில் ஆகாது. சன்ஸ்கிரீன் உதவாது, அது தடுப்பது புற ஊதாக் கதிரை, இங்கே சுடுவது கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம். மழைக்காலம்தானே, லோக்கல் ரயிலில் ஜன்னலோரம்தானே என்று கிளம்பினாலும் தோல் வெந்துபோகலாம். பல் டாக்டரின் விளக்கு, ஆபரேஷன் தியேட்டர் விளக்கு எல்லாம் இதே கணக்குதான். அதற்காக இருட்டறையில் அடைந்து கிடக்கவும் கூடாது. வீட்டுக்குள் இருக்கும் சாதாரண வெளிச்சம் தோலிலுள்ள மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்த்துவிடும்.

அதனால்தான் மருந்தைக் குறிபார்த்து அனுப்பும் முயற்சிகள். எனக்குப் பிடித்தது அமெரிக்க தேசியப் புற்றுநோய்க் கழகத்தில் ஹிசதாகா கொபயாஷி செய்தது. தலை, கழுத்துப் புற்றுச் செல்களின் மேல் இஜிஎஃப்ஆர் என்ற புரதம் மண்டிக்கிடக்கும். அதைத் தேடிப்போய் ஒட்டுகிற செட்டுக்ஸிமாப் என்ற எதிர்ப்பொருளின் முதுகில் ஒரு சாயத்தை ஏற்றி அனுப்புகிறார்கள். மறுநாள் 690 நானோமீட்டர் ஒளி பட்டதும் சாயத்தின் வடிவம் மாறி, செல்லின் தோலே கிழிந்துபோகிறது. கட்டி ஆழமாக இருந்தால் மெல்லிய ஒளியிழைகளை உள்ளே குத்தி வெளிச்சம் கொடுப்பார்கள். 2020 செப்டம்பரில் ஜப்பான் இதற்கு அனுமதி கொடுத்தது. ஆனால் யாருக்கு? அறுத்தெடுக்க முடியாத, முற்றிய அல்லது திரும்பி வந்த தலை, கழுத்துப் புற்றுக்கு. கழுத்தின் பெரிய ரத்தக்குழாயைப் புற்று அரித்திருந்தால் கூடாது. கட்டி சட்டென்று உருகினால் அங்கே ரத்தம் பீய்ச்சும்.

அண்ணாச்சியின் கதை அதுவல்ல. வெட்டியெடுக்கக்கூடிய வாய்ப்புற்றுக்கு இன்றும் அறுவைதான் முதல் வழி. வெளிச்சம் காட்டிய இடத்தில் மட்டும் வேலை செய்யும். கழுத்து நெறிகட்டிக்குள் ஒளிந்திருக்கும் செல்லுக்கு அது தெரியாது. இதைச் சொன்னபோது அந்த அம்மாவின் முகம் வாடியது. புதிய மருந்தைக் கேட்டது தப்பில்லை. இருந்தாலும் மூன்று வாரத்தில் ஆறாத வாய்ப்புண்ணுடன் வருகிற யாருக்கும் நான் முதலில் கேட்பது ஒரு பயாப்ஸியைத்தான்.

அண்ணாச்சிக்கு அதை அன்றைக்கே எடுத்தோம். புற்றுதான். பரேலில் உள்ள புற்றுநோய் மருத்துவமனையில் பதிவு போட்டு, ஸ்கேன் முடிந்து, அறுவைக்குத் தேதியும் கிடைத்துவிட்டது. தேதிச் சீட்டைக் காட்ட வந்த அன்று அந்த அம்மா மெதுவாகக் கேட்டார்: "அந்த எட்டு சிட்டிங் காசு திரும்பக் கிடைக்குமா டாக்டரம்மா?" பில் இருக்கிறதா என்று கேட்டேன். கொடுக்கவே இல்லையாம்.