பயனர்பெயருக்குள் ஒரு டொமைன்: வாஷிங்டன் அரசியல் செய்தியாளர்களும் திறந்த சமூக வலையும்

ட்விட்டரில் (இன்றைய எக்ஸ்) பணம் கட்டினால் யாருக்கும் சரிபார்ப்பின் அடையாளமான நீலக்குறி கிடைக்கும் என்றான பிறகு, ஒரு செய்தியாளரின் கணக்கு உண்மையில் அவருடையதுதானா என்று எப்படி அறிவது என வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். அமெரிக்கத் தலைநகரின் அரசியல் உள்விவகாரங்களையே தொழிலாகக் கொண்ட பொலிட்டிகோ, ஆக்சியோஸ், பஞ்ச்போல் நியூஸ் போன்ற நிறுவனங்களுக்கு இது வயிற்றுப்பாட்டுக் கேள்வி. மசோதா ஒன்று எங்கே தேங்கி நிற்கிறது என்பதைப் பிறருக்கு முன்னால் சொல்வதே அவர்கள் விற்கும் சரக்கு. சொன்னவர் யார் என்பதில் ஐயம் எழுந்தால் அது விலைபோகாது. 2022 நவம்பரில் எலி லில்லி மருந்து நிறுவனத்தின் பெயரில் இயங்கிய போலிக் கணக்கு ஒன்று, கட்டணக் குறியுடன், இன்சுலின் இனி இலவசம் என்று ட்விட்டரில் அறிவித்ததை அவர்களும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

2024 பிப்ரவரியில் அனைவருக்கும் திறக்கப்பட்ட புளூஸ்கை என்ற சமூக வலைத்தளம் இதற்குக் கையாளும் வழி அழகானது. அங்கே ஒவ்வொரு கணக்குக்கும் டிஐடி என்ற மாறாத அடையாளத் தொடர் ஒன்று உண்டு. நாம் காணும் பயனர்பெயர் அதன் மேல் ஒட்டப்பட்ட ஒரு டொமைன் பெயர், அதாவது இணைய முகவரி, மட்டுமே. நிறுவனம் தன் டொமைனுக்குரிய டிஎன்எஸ் (டொமைன் பெயர்களுக்கான இணையத்தின் பொதுப் பதிவேடு) பதிவுகளில் அந்த டிஐடியை ஒரு வரியாக எழுதி வைக்கிறது. டிஐடிக்குரிய ஆவணமோ அந்த டொமைனைத் தன் பெயராகக் குறிப்பிடுகிறது. பத்திரமும் பட்டாவும் ஒரே பெயரில் இருக்கின்றனவா என்று ஒத்துப் பார்ப்பதைப் போல, இரண்டும் ஒன்றையொன்று சுட்டினால்தான் பெயர் செல்லும். டொமைனை நிர்வகிப்பவரைத் தவிர வேறு எவராலும் அந்த வரியை எழுத முடியாது என்பதால், ஒரிகன் செனட்டர் ரான் வைடனின் கணக்கு செனட்டின் அரசு டொமைனைப் பெயராகக் கொண்டிருப்பதே அது அவருடையதுதான் என்பதற்குச் சான்றாகிவிடுகிறது.

ஓர் எழுத்தை மட்டும் மாற்றிப் பதிவு செய்த போலி டொமைனை இந்த முறை தடுக்காது. அதனால்தான், 2025 ஏப்ரலில், நியூயார்க் டைம்ஸ் போன்ற நிறுவனங்கள் தங்கள் செய்தியாளர்களுக்குத் தாங்களே சரிபார்ப்புக் குறி வழங்கும் ஏற்பாட்டையும் புளூஸ்கை சேர்த்தது.

இந்த நிறுவனங்களை உண்மையில் சீண்டும் விளைவு வேறிடத்தில் இருக்கிறது. 2016இல் மைக் ஆலன் பொலிட்டிகோவை விட்டு விலகி ஆக்சியோஸைத் தொடங்கியவர்களுள் ஒருவரானபோது, அவர் வளர்த்த பிளேபுக் செய்திமடலின் மின்னஞ்சல் பட்டியல் பழைய நிறுவனத்திடமே தங்கியது. மடலும் தொடர்ந்து வெளிவந்தது. அதைப் பின்னர் எழுதிய ஜேக் ஷெர்மனும் அன்னா பால்மரும் விலகி, 2021இல் பஞ்ச்போல் நியூஸைத் தொடங்கியபோதும் அப்படித்தான். புளூஸ்கையிலோ பின்தொடர்வோர் டொமைனோடு அல்லாமல் டிஐடியோடு பிணைக்கப்பட்டிருக்கிறார்கள். செய்தியாளர் விலகும் நாளில் நிறுவனம் டிஎன்எஸ் வரியை அழித்துத் தன் பெயரைத் திரும்பப் பெறலாம். அவர் வேறொரு டொமைனை ஒட்டிக்கொண்டு அத்தனை வாசகர்களோடும் வெளியேறிவிடுவார். இது நியாயம்தான் என்பது என் எண்ணம். வாசகர்களை இப்படி இழக்க வேண்டாம் என்று கருதும் நிறுவனம், முக்கியச் செய்திகளை முதலில் தன் பொதுக் கணக்கிலோ கட்டண மடலிலோ வெளியிட்டுக்கொள்ள வேண்டியதுதான்.