ரேஞ்ச் – ஓடுதொலைவு

காட்பாடியிலோ குடியாத்தத்திலோ மின் ஸ்கூட்டர் வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது, "மைலேஜ் எவ்வளவு?" கடைக்காரர் "120" என்கிறார். கேட்டது ஒன்று, வந்த விடை வேறொன்று. மைலேஜ் என்பது ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு எத்தனை கிலோமீட்டர் என்ற கணக்கு, வண்டியின் சிக்கனம். கடைக்காரர் சொன்னது ரேஞ்ச். அதாவது மின்கலத்தை ஒருமுறை முழுதாக மின்னேற்றினால், அது தீரும்வரை ஓடும் மொத்தத் தொலைவு.

வரிசையைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து பிறந்தது ரேஞ்ச். ஆங்கிலத்தில் அது அலைந்து திரியும் பரப்பையும், பிறகு பீரங்கிக் குண்டு எட்டும் தூரத்தையும் குறித்தது. எட்டும் தூரம் என்ற பொருளில்தான் இன்று வண்டிக்கும் வழங்குகிறது.

இதைத் தமிழில் 'வீச்சு' என்று எழுதுகிறவர்கள் உண்டு. ஏவுகணைக்கு அது பொருந்தும், ஏவியது திரும்பி வராது. வண்டியோ வீடு திரும்ப வேண்டும். 'செல்தொலைவு' நல்ல ஆக்கம்தான். ஆனால் மின்கலத்தையே செல் என்று சொல்லும் இடத்தில் பொருள் மயங்கும். நான் 'ஓடுதொலைவு' என்றே எழுதுகிறேன். வண்டி ஓடுகிறது என்பதுதானே நம் வழக்கு? விமானத்தின் ஓடுபாதையைப் போல இதுவும் வினைத்தொகை.

மைலேஜுக்கு இணையாக மின்வண்டியில் பார்க்க வேண்டியது ஆற்றல் பயனுறுதிறன் (எனர்ஜி எஃபிஷியன்சி). இயற்பியல் பாடநூல்களில் 'திறன்' என்று மட்டும் சொன்னால் அது பவர். ஆகவே 'பயனுறு' என்ற அடை அவசியம். கடையில் இதை "யூனிட்டுக்கு எத்தனை கிலோமீட்டர்?" என்று கேட்டாலே போதும். மின்வாரியம் கணக்கிடும் அதே யூனிட்தான், ஒரு கிலோவாட் மணி. 4 யூனிட் மின்கலத்தில் 100 கிலோமீட்டர் ஓடும் வண்டியைவிட, 2 யூனிட்டில் 70 ஓடுவதே சிக்கனமானது. ஓடுதொலைவை மட்டும் கேட்டு வாங்குகிறவருக்கு இது தெரியாமலே போய்விடுகிறது. பெரிய மின்கலம் வண்டியின் ஊதாரித்தனத்தை மறைத்துவிடும்.

விளம்பரத்தில் வரும் சான்றளிக்கப்பட்ட ஓடுதொலைவு, ஆய்வகத்தில் உருளைமேல் சக்கரத்தை ஓட்டி அளந்தது. புலவர்கள், வள்ளல்கள் பெயர் தாங்கிய ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகள் அந்த உருளைக்குத் தெரியாது. இருவர் ஏறிய ஸ்கூட்டரின் மொத்த எடை 250 கிலோ, ஏறும் உயரம் 600 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அந்த உயரத்துக்குத் தூக்க மட்டுமே 0.4 யூனிட் வேண்டும். மோட்டாரின் இழப்பையும் சேர்த்தால் ஏறத்தாழ அரை யூனிட். சமதரையில் யூனிட்டுக்கு 30 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு அது 15 கிலோமீட்டர். இறங்கும்போது மோட்டாரே மின்னாக்கியாக மாறும் வண்டிகளில் அதில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும், முழுவதும் கிடைக்காது. ஏலகிரி அடிவாரத்துப் பொன்னேரியில் வண்டியின் திரை காட்டும் ஓடுதொலைவிலிருந்து, சாலையின் நீளத்தோடு இந்த 15-ஐயும் கழித்துக்கொண்டு ஏறுவது நல்லது.