ஜன்னல் வெயில் ஆமைக்குட்டிக்குப் போதாது

டெல்டாவில் வண்ணமீன் கடைகளில் உள்ளங்கைக்குள் அடங்கும் பச்சை ஆமைக்குட்டி விற்கிறார்கள். கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு இருந்தால் அது செங்காது ஆமை. பூர்வீகம் அமெரிக்காவின் மிசிசிப்பிப் படுகை. வாங்கிவந்து கண்ணாடித் தொட்டியில் விட்டு, வெயில் விழும் ஜன்னலோரம் வைப்பார்கள். சில மாதங்களில் ஓட்டைத் தொட்டால் அமுங்கும். வெயிலில்தானே வைத்தோம் என்று வீட்டில் எல்லோரும் குழம்பிப் போவார்கள்.

ஆமையின் ஓடு எலும்புதான். விலா எலும்புகளும் முதுகெலும்பும் அகன்று ஒன்றாகக் கூடியிருக்கும். அதன்மேல் நம் நகத்தில் இருப்பதுபோன்ற கெராட்டின் தகடுகளாகப் படிந்திருக்கும். வளரும் குட்டிக்கு இந்த எலும்பு முழுவதும் பெரிதாக வேண்டும். அதற்குக் கால்சியம் வேண்டும், கால்சியத்தைக் குடல் உறிஞ்ச வைட்டமின் டி3 வேண்டும்.

டி3 உருவாகத் தொடங்கும் இடம் தோல். சூரிய ஒளியில் உள்ள புற ஊதா பி கதிர் தோலிலுள்ள ஒருவகைக் கொழுப்புப் பொருளை மாற்றுகிறது. உடம்புச் சூடு அதை டி3 ஆக்குகிறது. அப்புறம் கல்லீரலும் சிறுநீரகமும் அதைச் செயல்படும் வடிவுக்குக் கொண்டுவருகின்றன. சாதாரண ஜன்னல் கண்ணாடி வெளிச்சத்தையும் சூட்டையும் உள்ளே விடும். புற ஊதா பி கதிரை ஏறக்குறைய முழுவதும் தடுத்துவிடும். குட்டி சுகமாக வெயில் காய்வதுபோலத் தெரியும், டி3 மட்டும் உருவாகாது.

ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் இதயமும் தசையும் தடுமாறும். அதனால் பாராதைராய்டு சுரப்பி தன் ஹார்மோனை அனுப்பி எலும்பிலிருந்து கால்சியத்தைப் பிடுங்கும். ஓடு கரைவது இப்படித்தான். தீனி நிலைமையை இன்னும் கெடுக்கும். வெறும் சோறு, பொரி, இறைச்சித் துண்டு எதிலும் கால்சியத்தைவிடப் பாஸ்பரஸ் அதிகம். இருக்க வேண்டியது ஏறக்குறைய 2 பங்கு கால்சியத்துக்கு 1 பங்கு பாஸ்பரஸ். முள்ளோடு சிறு மீன் கொடுங்கள். நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை என்று விற்கும் கணவாய் ஓட்டில் ஒரு துண்டைத் தொட்டியில் போட்டால் கொறித்துக்கொள்ளும்.

காலை எட்டு, ஒன்பது மணி வாக்கில் பிளாஸ்டிக் தொட்டியில் கொஞ்சம் தண்ணீரும் ஏறி உட்காரக் கல்லும் வைத்து, பாதி நிழலாக, மாடியில் அரை மணி நேரம் விடுங்கள். காக்கை தூக்காமல் இருக்க மேலே வலை கட்டுங்கள். சித்திரை வெயிலில் கண்ணாடித் தொட்டியை அப்படியே வெளியே வைத்துவிடாதீர்கள், தண்ணீர் சூடேறிக் குட்டி செத்துவிடும்.

இமை வீங்கிக் கண் திறக்காவிட்டால் பெரும்பாலும் வைட்டமின் ஏ குறைபாடு. அமெரிக்கப் பெட்டி ஆமைகளுக்குக் காதுக்குள் சீழ்க்கட்டி வருவதற்கும் அதைத்தான் ஒரு காரணமாகச் சொல்கிறார்கள். பிள்ளைகளுக்கு வாங்கிய சொட்டு மருந்தை நாமே ஊற்றிவிடக் கூடாது. அளவு மீறினால் தோல் உரியும். மூக்கில் குமிழி, ஒருபக்கம் சாய்ந்து நீந்துவது இரண்டும் நுரையீரல் தொற்றின் அடையாளம். ஆமைக்கு உதரவிதானம் என்ற மூச்சுத் தசை கிடையாது, சளியை இருமி வெளியேற்றத் தெரியாது. ஆகவே நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளாமல் கால்நடை மருத்துவரிடம் போங்கள். தஞ்சைப் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

சால்மொனெல்லா கிருமி ஆமையிடமிருந்து பிள்ளைகளுக்குத் தொற்றியதால் அமெரிக்கா 1975இல் 4 அங்குலத்துக்குக் குறைவான ஆமைகளை விற்கத் தடை போட்டது. தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். தொட்டித் தண்ணீரை அடுப்படித் தொட்டியில் கொட்டக் கூடாது.

வளர்க்க முடியாமல் போனால் வெண்ணாற்றிலோ குடமுருட்டியிலோ விடாதீர்கள். செங்காது ஆமை உள்ளூர் ஆமைகளோடு இரைக்குப் போட்டி போடும். வாய்க்காலில் தண்ணீர் வரும்போது தென்படும் நம் பால் ஆமையை வீட்டுக்குக் கொண்டுவருவதோ, 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.