2040ல அந்த ஜாடிக்கு யாரு ஸ்பிரிட் ஊத்துவா?

போன மாசம் ஒரு மீட்டிங். புதுசா ஒரு பல்லுயிர் ஆராய்ச்சி நிறுவனம், கூடவே மியூசியமும் ஆரம்பிக்கப் போறாங்க, 20 வருஷத் திட்டம் ரெடி, நீங்களும் ஒருதடவ பாத்துச் சொல்லுங்கனு கூப்பிட்டாங்க (பேரு வேண்டாம்). 80 பக்கம், பளபளனு பிரிண்ட். உள்ள நுழைஞ்சா டைனோசர், மாடில கேஃபே, கூரை பூரா சோலார். ஸ்பெசிமன் எல்லாம், அதாவது ஆராய்ச்சிக்குனு பதப்படுத்தி வச்ச உயிரின மாதிரிகள, எங்க வைப்பீங்கனு கேட்டேன். பேஸ்மென்ட்ல ஒரு ரூம் இருக்குன்னாங்க. 2015 டிசம்பர்ல சென்னைல இருந்த யாரும் பேஸ்மென்ட்ங்கற வார்த்தைய இவ்ளோ சாதாரணமா சொல்ல மாட்டாங்க, ஆனா ஆர்க்கிடெக்ட் வெளியூராம்.

என் வேலை கலெக்‌ஷன் பராமரிப்பு. வேற மாதிரி சொன்னா ஜாடி, அலமாரி, பூச்சி, லேபிள். மீனு, தவளை, பாம்பு மாதிரி ஐட்டத்த முதல்ல ஃபார்மலின்ல போட்டு கெட்டிப்படுத்தி, கழுவி, அப்புறம் 70 சதவீத எத்தனால்ல, அதாவது ஸ்பிரிட்ல, வைப்போம். மூடி எவ்ளோ டைட்டா இருந்தாலும் ஆவியாகும், அதுலயும் தண்ணிய விட ஆல்கஹால்தான் வேகமா போகும், அதனால வெளிய இருந்து பாக்க ஜாடி முக்கால்வாசி நிறைஞ்ச மாதிரியே இருக்கும், உள்ள ஸ்ட்ராங் குறைஞ்சு மீனு மெதுவா ஊறி அழுக ஆரம்பிச்சிருக்கும். அளந்து பாத்து, கொறஞ்சத ஈடுகட்டி ஊத்தணும். ஒவ்வொரு ஜாடிக்கும். எல்லா வருஷமும்.

இன்னொண்ணு, 70 சதவீத எத்தனாலோட ஆவி 17 டிகிரி பக்கத்துலயே தீப்பிடிக்கிற நிலைக்கு வந்துடும். நம்ம ஊர் மார்கழி ராத்திரிக்கே அதுக்கு மேல. ஸோ ஜாடி வைக்கிற ரூமுக்கு தனி காத்தோட்டம், தனி வயரிங், நெருப்பு தாங்குற கதவு எல்லாம் வேணும். அத பேஸ்மென்ட்ல, அதுவும் கேஃபே கிச்சனுக்கு நேர் கீழ வச்சிருந்தாங்க.

அப்புறம் எக்சைஸ் பர்மிட். ஸ்பிரிட் வாங்க லைசென்ஸ் வேணும், அத விடாம புதுப்பிக்கணும். ஒரு காலேஜ்ல நான் கண்ணால பாத்தது: அத கவனிச்சிட்டிருந்த லேப் அசிஸ்டென்ட் ரிட்டயர் ஆனாரு, அந்த போஸ்ட்ட நிரப்பல, பர்மிட் காலாவதி. நல்ல மனசுக்காரர் யாரோ ஜாடி காயுதேனு பாத்து குழாத் தண்ணிய ஊத்திருக்காரு. நான் போனப்ப ஒரு ஷெல்ஃப் முழுக்க கஞ்சி. அதுல பாதி மீனு, இப்ப பிளாட் போட்டு வித்துட்ட ஒரு ஏரில புடிச்சது. திரும்பப் போய் புடிச்சிட்டு வர ஏரி கிடையாது.

இதெல்லாம் வச்சு என்ன பண்ணப் போறோம்னு ஒரு ட்ரஸ்டி கேட்டாரு, நியாயமான கேள்விதான். அவருகிட்ட முட்டைக் கதைய சொன்னேன். பிரிட்டன்ல பைரி, சிட்டுப்பருந்து எல்லாம் கூட்டுலயே முட்டைய உடைச்சுக்குதுனு 1950கள்ல கவனிச்சாங்க, காரணம் தெரியல. டெரெக் ராட்கிளிஃப்னு ஒரு ஆராய்ச்சியாளர், பழைய கலெக்‌ஷன்ல கிடந்த முட்டை ஓடுகள எடைபோட்டு, அளந்து, 1940கள் கடைசிக்கு அப்புறம் ஓடு மெல்லிசாகிடுச்சுனு 1967ல எழுதினாரு. டிடிடி பூச்சிமருந்து வயலுக்கு வந்த காலம் அது. அந்த முட்டைய எல்லாம் சேத்து வச்சவங்க டிடிடினு ஒண்ணு வரப்போறத கனவுல கூட நெனைச்சிருக்க மாட்டாங்க, ஆனா எந்த ஊரு, எந்த தேதினு லேபிள்ல எழுதி வச்சாங்க. அது இல்லன்னா முட்டை வெறும் ஓடுதான்.

சிங்கப்பூர் கதைய நான் எல்லா மீட்டிங்லயும் சொல்றவன், என் கூட வேலை பாக்கறவங்களுக்கு மனப்பாடமே ஆகிடுச்சு. 1892ல மலாக்கா பக்கம் ஒரு திமிங்கலம் கரை ஒதுங்குச்சு, 42 அடி. அதோட எலும்புக்கூடு 1907ல இருந்து சிங்கப்பூர் ராஃபிள்ஸ் மியூசியத்துல கூரைலருந்து தொங்குச்சு, நம்ம எக்மோர் மியூசியத்துல திமிங்கலத்த பாத்து வாய பொளந்த மாதிரி அங்கயும் ரெண்டு மூணு தலைமுறை பொளந்திருக்கும். நாடு சுதந்திரமானதும் மியூசியம்னா இனி வரலாறும் கலையும்தான்னு முடிவாச்சு. 1972ல விலங்கு கலெக்‌ஷன் மொத்தமும் யூனிவர்சிட்டி பக்கம் போச்சு. திமிங்கலத்துக்கு இடமில்ல, 1974ல கோலாலம்பூருக்கு தானமா குடுத்தாச்சு. மிச்சம் ஜாடியும் தோலும் நிரந்தர வீடு இல்லாம பல வருஷம் இடம் மாறிக்கிட்டே இருந்துச்சு. யாங் சாங் மான்னு ஒரு கியூரேட்டர், அந்தம்மா பிடிவாதமா அத கட்டிக் காத்தாங்க. என்னைக் கேட்டா அந்த நாட்டோட பல்லுயிர் திட்டத்துல முதல் பக்கமே அவங்கதான்.

1998ல அந்த கலெக்‌ஷன் ராஃபிள்ஸ் பல்லுயிர் ஆராய்ச்சி மியூசியம் ஆச்சு, காட்சிக்கூடம் சின்னது. 2009 மியூசியம் தினத்துல ஒரே நாள்ல ஆயிரக்கணக்குல ஜனம் வந்து நிக்க, நம்ம நாட்டுக்குனு ஒரு இயற்கை மியூசியம் இல்லையானு பத்திரிகைல பேச்சு கிளம்புச்சு. 2010ல பேரு சொல்லாத ஒருத்தர் 1 கோடி டாலர் குடுத்தாரு, மொத்தம் 4.6 கோடி சிங்கப்பூர் டாலர் சேந்துச்சு. 2015 ஏப்ரல்ல லீ கோங் சியான் இயற்கை வரலாற்று மியூசியம் தெறந்தாங்க. ஜன்னலே கம்மியா, பாறை மாதிரி ஒரு கட்டடம், ஏன்னா வெளிச்சம் ஸ்பெசிமனுக்கு ஆகாது. மூணு டைனோசர் அங்கயும் உண்டு, அத நான் மறைக்கல. ஆனா பத்து லட்சம் ஸ்பெசிமன்ல காட்சிக்கு வச்சது சுமார் 2,000தான், மிச்சம் மக்கள் பாக்காத மாடிகள்ல இருக்கு.

அப்புறம்தான் விஷயமே. தெறந்து மூணு மாசம் கூட முழுசா ஆகல, ஜூலை 10ஆம் தேதி ஜூராங் தீவு பக்கம் ஒரு எண்ணெய்த் திமிங்கலம் செத்து மிதந்துச்சு, 10.6 மீட்டர் பொண்ணு. சொல்லிட்டா வருது? அழுகுற அந்த உடம்ப அறுத்து, எலும்பு எடுத்து, சுத்தம் பண்ணி, வயித்துல இருந்த கணவா அலகும் பிளாஸ்டிக்கும் எண்ணி எழுதி, அடுத்த வருஷமே காட்சிக்கு வச்சுட்டாங்க. கத்தி புடிக்கத் தெரிஞ்ச ஆளு சம்பளத்துல இருந்ததால முடிஞ்சுது.

ரியோவ சொல்லவும் மனசு வரல, சொல்லாமலும் இருக்க முடியல. 200 வருஷம் கொண்டாடின அதே 2018ல, செப்டம்பர் 2 ராத்திரி பிரேசில் தேசிய மியூசியம் எரிஞ்சுது. சுமார் 2 கோடி பொருள் இருந்த இடம். ஆடிட்டோரியத்துல ஒரு ஏசில ஆரம்பிச்ச தீ, ஸ்பிரிங்க்ளர் கிடையாது, பக்கத்து ஹைட்ரன்ட்ல தண்ணியும் சரியா வரல. புதுப்பிக்க கடன் ஒப்பந்தம் அந்த ஜூன்லதான் கையெழுத்தாச்சு, பணம் வரல. வேற கட்டடத்துல இருந்ததால உலர்த்தி வச்ச செடிகளோட தொகுப்பும் முதுகெலும்பி கலெக்‌ஷனும் தப்பிச்சுது. டெல்லி இயற்கை மியூசியம் 2016 ஏப்ரல் 26ல எரிஞ்சப்ப, 1978ல தெறந்ததுலருந்து அதுக்குனு சொந்தக் கட்டடமே இருந்ததில்ல.

மீட்டிங்ல நான் கேட்டது மூணுதான். ஸ்பிரிட் ரூம் தனிக் கட்டடமா தரைக்கு மேல வரணும். ஆண்டு வட்டியில ரெண்டு டெக்னீஷியன் சம்பளம் வர்ற அளவுக்கு, யாரும் தொட முடியாத ஒரு வைப்புநிதி வேணும். ஏசி 24 மணி நேரமும் 20 டிகிரில ஓடணும்ங்கற பழைய பிடிவாதத்த விட்டுட்டு, ஈரப்பதத்த மெதுவா மாறவிட்டு 40க்கும் 60 சதவீதத்துக்கும் நடுவுல வச்சா போதும், கரண்ட் பில்லும் குறையும், நிலைத்தன்மைனு வாசல்ல போர்டு வச்சிட்டு கரண்ட்ட குடிக்கறதும் குறையும்.

நேத்து திருத்தின பிரதி மெயில்ல வந்துச்சு. டைனோசர் அப்படியே இருக்கு. ஸ்பிரிட் ரூம் மேல வந்துடுச்சு. 'இதர செலவு'ல இருந்த எத்தனால் இப்ப தனி தலைப்பு. டெக்னீஷியன்னு ஒரு வரி புதுசா சேத்திருக்காங்க, எத்தனை பேருங்கற கட்டம் மட்டும் காலியா இருக்கு.