சுத்தமான தேன்தான், அதுதான் சிக்கல்

சென்ற வாரம் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துவரப்பட்ட ஐம்பது வயதுக்காரரின் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 38, இரத்த அழுத்தம் 80/50. மாரடைப்பு என்று பதறிய மனைவியின் கைப்பையில், நண்பர் நேபாளத்திலிருந்து வாங்கிவந்த செந்நிற மலைத்தேன் பாட்டில் இருந்தது. நாடித்துடிப்பைக் கூட்டும் அட்ரோபின் ஊசி போட்டு, சலைன் ஏற்றி மறுநாள் வீட்டுக்கு அனுப்பினோம். புறப்படும்போது அந்தப் பாட்டிலைத் திருப்பிக் கேட்டார். இவ்வாண்டில் நான் பார்க்கும் மூன்றாவது நோயாளி இவர்.

"சுத்தமான தேன் எப்படி டாக்டர் கெடுதல் செய்யும்?" என்று மூவருமே கேட்டார்கள். செய்யும்; இது மிகப் பழைய கதை. கி.மு. 401இல் பாரசீக இளவரசன் சைரஸுக்காகப் போரிடப் போய், அவன் மடிந்தபின் ஊர் திரும்பிக்கொண்டிருந்த கிரேக்கக் கூலிப்படையினர், கருங்கடலோரம் இன்றைய துருக்கியின் டிராப்சனுக்கு அருகே தேனடைகளைத் தின்றார்கள். சிறிதளவு தின்றவர்கள் குடித்தவர்களைப் போலவும், நிறையத் தின்றவர்கள் பித்துப்பிடித்தவர்களைப் போலவும் ஆயினர். வாந்தியும் பேதியுமாய், நிற்கவே முடியாமல், தோற்ற படையைப்போல் தரையில் கிடந்தனர். ஒருவரும் சாகவில்லை, மறுநாள் ஏறக்குறைய அதே நேரத்தில் தெளிந்து, மூன்றாம் நான்காம் நாளில் எழுந்து நடந்தனர் என்கிறார் அப்படையில் உடனிருந்த கிரேக்க எழுத்தாளர் செனோபோன். எங்கள் பயிற்சி மருத்துவர்கள் எழுதும் கேஸ் ஷீட்டில்கூட இவ்வளவு தெளிவு இருப்பதில்லை.

அதே கடலோர மலைகளில் கி.மு. முதல் நூற்றாண்டில், ரோமானியத் தளபதி பாம்பேயின் வீரர்கள் வரும் வழியில் மலைவாசிகள் இத்தேனைக் கிண்ணங்களில் வைத்து, உண்டு மயங்கியவர்களை வெட்டிக் கொன்றதாகப் பண்டைய கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதுகிறார்.

இக்கதையைச் சொன்னவுடன், "அவர்கள் விஷம் கலந்திருப்பார்கள்" என்கிறார்கள். யாரும் எதையும் கலக்க வேண்டியதில்லை. அம்மலைகளிலும் நேபாள மலைகளிலும் பூக்கும் ரோடோடென்ட்ரான் மலரில் சுரக்கும் இனிப்பு நீரிலேயே, நாடித்துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் இறக்கும் நஞ்சு உண்டு. அது தேனீயின் வழியாக அப்படியே அடைக்கு வருகிறது. தண்ணீரில் ஒரு சொட்டு விட்டேன், கரையாமல் அடியில் நின்றது என்பதெல்லாம் சர்க்கரைப்பாகுக் கலப்படத்தைக் கண்டுபிடிக்கவே போதாத சோதனை. நஞ்சைப் பற்றி அது எதுவும் சொல்லாது. பல மலர்களின் தேன் கலந்தால் நஞ்சு நீர்த்துப்போகும். ஒரே மலையின் ஒரே பூவிலிருந்து எடுத்தது என்று நீங்கள் பெருமையாகக் காட்டும் தேனில்தான் அது செறிந்திருக்கும்.

ஆண்மைக்கு நல்லது என்று யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். இரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ மாத்திரை உட்கொள்பவர்கள் நாவிலும் வைக்க வேண்டாம். உண்டபின் தலைசுற்றலும் வாந்தியும் வந்தால் படுத்துவிடுங்கள். வண்டியை நீங்களே ஓட்டிக்கொண்டு வராதீர்கள். தேன் உண்டதை, தயவுசெய்து, வெட்கப்படாமல் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பாட்டிலையும் கொண்டுவாருங்கள், திருப்பித் தர மாட்டோம்.