சித்திரை வெயிலில் மீனுக்கு மூச்சு முட்டாதா?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. அந்த நாட்களில் காரைக்குடி மீன்கடைக்கு வருவது நாட்டுப்படகுக்காரர்கள் கரையோரத்தில் பிடிக்கும் ஓராவும் கிழங்கானும் நண்டும்தான். இவற்றில் நிறைய தொண்டிப் பக்கத்துக் கடற்புல் வெளிகளில் வளர்ந்தவை. பள்ளத்தூர் ஆச்சி ஒருவர் கேட்கிறார்: “முழங்கால் தண்ணி, வெந்நியாக் கிடக்குமே, அதுக்குள்ள மீனுக்கு மூச்சு முட்டாதா தம்பி?”

சூடான நீரில் ஆக்சிஜன் குறைவாகக் கரையும், பள்ளியில் படித்ததுதான். 25 டிகிரியில் ஒரு லிட்டர் கடல்நீர் ஏறத்தாழ 6.7 மில்லிகிராம் பிடித்து வைக்கும். 32 டிகிரியில் 6. வெயில் பறிப்பது பத்தில் ஒரு பங்கு. அதுவும் பட்டப்பகலில் அங்கே ஆக்சிஜனுக்குப் பஞ்சமே இல்லை, ஆச்சி. புல் பார்த்துக்கொள்கிறது.

கடற்புல் பாசி வகை இல்லை. வேர், தண்டு, இலை, பூ எல்லாம் உண்டு. தரையில் வாழ்ந்த செடிவம்சம் கடலுக்குத் திரும்பிப் போனது. போன சித்திரையில் ஒரு நண்பகல், தொண்டிக்கு வடக்கே முழங்காலளவு நீரில் நின்று, ஊசிபோல் உருண்ட இலை ஒன்றைத் தண்ணீருக்குள்ளேயே கிள்ளினேன். கிள்ளிய வாயிலிருந்து குமிழி குமிழியாகச் சரம் கிளம்பியது. மேகம் ஒன்று வெயிலை மறைத்தது. சரம் மெலிந்தது, நின்றது. மேகம் நகர்ந்தது, மறுபடி குமிழி. முதுகு எரிகிற வரை இதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஊரணித் தாமரைத் தண்டை ஒடித்தால் உள்ளே துளைகள் தெரியுமே, அதே ஏற்பாடு இந்த இலைக்குள்ளும் இருக்கிறது. இலை தயாரிக்கும் ஆக்சிஜனில் ஒரு பகுதி நீருக்குப் போகும். மீதி இந்தக் காற்றுக்குழாய் வழியே வேர்வரை இறங்கும். வாயு நீரில் பரவுவதைவிடக் காற்றில் ஏறத்தாழ 10,000 மடங்கு வேகமாகப் பரவும் என்பதால் வேருக்குக் காத்திருப்பு இல்லை. வேருக்கு அது எதற்கு? காலடிச் சேற்றைக் கிளறினால் அழுகிய முட்டை நாற்றம் வரும். ஹைட்ரஜன் சல்பைடு, செடிக்கும் நஞ்சு. வேர் நுனியில் கசியும் ஆக்சிஜன், சுற்றிலும் ஒரு மில்லிமீட்டர்கூடத் தடிப்பில்லாத உறை போட்டுவிடுகிறது. உறைக்குள் வரும் சல்பைடு அங்கேயே முறிந்துபோகும். சேற்றோடு ஒரு கொத்தை எடுத்து அலசினேன்: சேறு கரிக்கறுப்பு, இளவேர் வெள்ளை.

ஆபத்து இரவில். வெயில் போனதும் தயாரிப்பு நின்றுவிடும். புல், மீன், சேற்று நுண்ணுயிர் எல்லாம் செலவு மட்டும் செய்யும். நீர் சூடாக இருந்தால் செலவும் கூடும். காற்றசையாத புழுக்க இரவில், விடிவதற்குச் சற்று முன்னால் ஆக்சிஜன் அடிமட்டத்துக்குப் போகும். அப்போது புல்லே நீரிலிருந்து கடன் வாங்கி வேருக்கு அனுப்புகிறது. கடனும் கிடைக்காவிட்டால் சல்பைடு செடிக்குள் ஏறும், குருத்து சாகும்.

நம் ஊரணியிலும் இதே கணக்குத்தான். மந்தாரமான நாளுக்கு மறுநாள் விடியலில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கும், சில சமயம் கூட்டமாகச் செத்தும் மிதக்கும். உடனே யாரோ மருந்து கலந்தார்கள் என்றும் தெய்வக்குத்தம் என்றும் பேச்சு. தண்ணீரை விடியலில் சோதிக்காமல் பத்து மணிக்கு மொண்டுபோய்ச் சோதித்தால் எப்படி உண்மை தெரியும்?

காரைக்குடியில் 1953-இலிருந்து மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிறது. கரைந்த ஆக்சிஜனை அளக்க முதலில் வந்த மின்முனை மின்வேதியியல் தந்ததுதான். தொண்டியில் அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் வளாகம். என் கையில் நிதி இருந்தால், இரண்டையும் சேர்த்துவைத்து இரவெல்லாம் அளக்கும் மிதவைகளை இந்தப் புல்வெளியில் விடுவேன். ராக்கெட் மாதிரி பளபளக்காது, ஆகவே யாரும் கேட்க மாட்டார்கள்.

ஆக, மதியம் மீன் திணறாது. திணறினால் விடியலில்தான், அப்போது முடிந்த மீனெல்லாம் புல்லை விட்டுச் சற்று ஆழமான மணல் ஓரத்துக்கு நகரும். வலையை ஓரத்தில் போடுகிறவருக்கு அதுவே நேரம். ஓரா வாங்கினால் மட்டும், ஆச்சி, முதுகிலும் வயிற்றுப் பக்கத்திலும் இருக்கும் முட்களைக் கத்தரியால் வெட்டிவிட்டு அப்புறம் அலசுங்கள். விஷமுள், செத்த மீன் குத்தினாலும் கடுக்கும்.