130 கோடி வோல்ட்: இடிமேகத்தின் மின்னழுத்தத்தை மியூவான்கள் காட்டிக்கொடுத்த விதம்

2014 டிசம்பர் 1 அன்று உதகமண்டலத்தின் மேல் கடந்துபோன ஒரு இடிமேகத்துக்குள் 130 கோடி வோல்ட் மின்னழுத்தம் உருவாகியிருந்தது. அங்கே காஸ்மிக் கதிர்களை ஆராயும் கிரேப்ஸ்-3 ஆய்வுக்குழு இதை 2019-ல் ‘பிசிக்கல் ரிவ்யூ லெட்டர்ஸ்’ இதழில் வெளியிட்டது. மேகத்துக்குள் பலூனோ விமானமோ எதுவும் போகவில்லை. தரையில் இருந்த ஒரு கருவி, வானிலிருந்து விழும் மியூவான் துகள்களை எண்ணிக்கொண்டிருந்தது. அந்த எண்ணிக்கை 18 நிமிடங்களுக்குச் சுமார் 2 சதவீதம் குறைந்தது. கையில் இருந்த அளவீடு அவ்வளவுதான். 2 சதவீதக் குறைவிலிருந்து 130 கோடி வோல்ட் என்ற எண்ணுக்கு எப்படி வந்தார்கள் என்பதில்தான் இந்த ஆய்வின் அருமை இருக்கிறது.

இடிமேகத்தின் மின்னழுத்தத்தை அளப்பது கடினம் என்பதற்கு அதன் அளவே காரணம். பலூனில் மின்புல அளவியைக் கட்டி அனுப்பலாம். ஆனால் பலூன் போகும் ஒற்றைப் பாதையில் உள்ள புலம் மட்டுமே பதிவாகும். அது கீழிருந்து மேலே போய்ச் சேர்வதற்குள் மேகம் மாறிவிடும், நகர்ந்தும்விடும். அப்படிக் கிடைத்த உச்ச மதிப்பு 13 கோடி வோல்ட் அளவில்தான் இருந்தது. தரையில் வைக்கும் மின்புல அளவியோ தரையை ஒட்டிய புலத்தை மட்டுமே காட்டும். மேகத்தின் உச்சிக்கும் அடிக்கும் இடையே என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது. மேகத்தின் முழு உயரத்தையும் ஊடுருவி வரும் ஒன்று வேண்டும். அது மின்னூட்டம் கொண்டதாகவும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மின்புலம் அதைத் தொடாது.

மியூவான் இரண்டுக்கும் பொருந்துகிறது. விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள், பெரும்பாலும் புரோட்டான்கள், வளிமண்டலத்தின் மேற்பகுதியில் காற்றணுக்களில் மோதிப் பையான்கள் என்ற குறுகிய ஆயுள் கொண்ட துகள்களை உண்டாக்குகின்றன. பையான் சிதைந்து மியூவான் பிறக்கிறது. இது பெரும்பாலும் 15 கிலோமீட்டர் உயரத்தையொட்டி நடக்கிறது. மியூவானின் நிறை எலக்ட்ரானைப்போல் சுமார் 207 மடங்கு. அதன் சராசரி ஆயுள் 2.2 மைக்ரோ வினாடி. ஒளியின் வேகத்தில் ஓடினாலும் அந்த நேரத்தில் 660 மீட்டர்தான் போக முடியும். ஆனால் சார்பியல் விளைவால், ஓடும் மியூவானின் கடிகாரம் நம் கணக்கில் மெதுவாகிவிடுகிறது. 400 கோடி எலக்ட்ரான் வோல்ட் (ஒரு வோல்ட்டைக் கடக்கும் எலக்ட்ரான் பெறும் ஆற்றலே ஒரு எலக்ட்ரான் வோல்ட்) ஆற்றல் உள்ள மியூவானுக்கு இந்த நீட்சி ஏறத்தாழ 38 மடங்கு. அதனால்தான் அது தரையைத் தொடுகிறது. கடல் மட்டத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒரு மியூவான் விழுகிறது. இரவு பகல், மழை வெயில் எதற்கும் அது நிற்பதில்லை.

எலக்ட்ரான்களும்தான் விழுகின்றன. ஆனால் அவை இந்த வேலைக்கு உதவாது. இடிமேகத்தின் புலத்தில் எலக்ட்ரான்கள் பெருகும், காமா கதிர்களை உமிழும். எண்ணிக்கை பல காரணங்களால் ஏறி இறங்கும். ஆகவே மியூவானை எண்ணுகிற கருவி முதலில் எலக்ட்ரானை வடிகட்ட வேண்டும்.

கிரேப்ஸ்-3 மியூவான் தொலைநோக்கி கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டர் உயரத்தில், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் காஸ்மிக் கதிர் ஆய்வகத்தில் இருக்கிறது. தொலைநோக்கி என்றாலும் இதில் கண்ணாடியோ வில்லையோ கிடையாது. 6 மீட்டர் நீளமும் 10 சென்டிமீட்டர் சதுரக் குறுக்குவெட்டும் கொண்ட இரும்புக் குழாய்கள், மொத்தம் 3,712. ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு மெல்லிய டங்ஸ்டன் கம்பி ஓடுகிறது. உள்ளே 90 சதவீதம் ஆர்கானும் 10 சதவீதம் மீத்தேனும் கலந்த வாயு. கம்பிக்கு உயர் மின்னழுத்தம் கொடுக்கப்பட்டிருக்கும். மியூவான் குழாயைக் கடக்கும்போது வாயுவிலிருந்து எலக்ட்ரான்களை உதிர்க்கிறது. அவை கம்பியை நெருங்க நெருங்கப் பெருகி, ஒரு மின்துடிப்பாகப் பதிவாகின்றன.

குழாய்கள் நான்கு அடுக்குகளாக அடுக்கப்பட்டுள்ளன. அடுத்தடுத்த அடுக்குகள் ஒன்றுக்கொன்று செங்குத்தான திசையில் கிடக்கின்றன. இடையிடையே 15 சென்டிமீட்டர் கான்கிரீட். எல்லாவற்றுக்கும் மேலே குவித்த கான்கிரீட் பாளங்களையும் சேர்த்தால் 2 மீட்டர் தடிமன் வருகிறது. மேலிருந்து வரும் எலக்ட்ரான்கள் இங்கேயே அடங்கிவிடும். சுமார் 100 கோடி எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் குறைந்த ஆற்றல் உள்ள மியூவான்களும் நின்றுவிடும். இந்த வாசல் ஆற்றல்தான் முழு முறைக்கும் அச்சாணி. சாய்ந்து வரும் மியூவான் அதிகக் கான்கிரீட்டைக் கடக்க வேண்டியிருப்பதால், சாய்வு கூடக்கூட வாசலும் உயரும்.

நான்கு அடுக்குகளிலும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் துடிப்பு வந்தால்தான் மியூவான் என்று கணக்கு. எந்தத் திசையிலிருந்து வந்தது என்பதற்கு, மேல் அடுக்கில் எந்தக் குழாய், அதே திசையில் கிடக்கும் கீழ் அடுக்கில் எந்தக் குழாய் என்று பார்த்தால் போதும். இரண்டுக்கும் இடையே எத்தனை குழாய் நகர்ந்திருக்கிறது என்பதே சாய்வுக் கோணம். ஒரு பக்கத்துக்கு 6 குழாய் வரை, மறுபக்கத்துக்கு 6 குழாய் வரை, நேர் கீழே ஒன்று: ஆக 13. குறுக்குத் திசையிலும் 13. தலைக்கு மேலுள்ள வானம் இப்படி 169 கட்டங்களாகப் பிரிகிறது.

இனி மேகம் வருகிறது. மியூவான்களில் நேர் மின்னூட்டம் கொண்டவையும் எதிர் மின்னூட்டம் கொண்டவையும் உண்டு. மேகத்தின் மின்புலம் ஒரு வகையை வேகப்படுத்தினால் மற்றதைத் தடுக்கும். 130 கோடி வோல்ட்டை முழுவதுமாகக் கடக்கும் மியூவான் 130 கோடி எலக்ட்ரான் வோல்ட்டைப் பெறும் அல்லது இழக்கும். புலம் நேர் மியூவானைத் தடுக்கும் திசையில் இருக்கிறது என்று கொள்வோம். சாதாரண நாளில் 200 கோடி எலக்ட்ரான் வோல்ட்டுடன் கான்கிரீட்டைத் தொட்டிருக்கவேண்டிய நேர் மியூவான் இப்போது 70 கோடியுடன் வந்து, உள்ளேயே நின்றுவிடும். கணக்கில் ஒன்று குறையும். 50 கோடியுடன் வந்து நின்றிருக்கவேண்டிய எதிர் மியூவானோ 180 கோடியுடன் வந்து எண்ணப்பட்டுவிடும்; கணக்கில் ஒன்று கூடும்.

இரு வகையும் சரிசமமாக இருந்தால் இழப்பும் வரவும் பெருமளவு அடித்துப்போயிருக்கும், ஆய்வும் அதோடு முடிந்திருக்கும். ஆனால் காஸ்மிக் கதிர்களில் நேர் மின்னூட்டமுள்ள புரோட்டான்களே அதிகம் என்பதால், அவற்றின் வழிவந்த மியூவான்களிலும் நேர் வகையே அதிகம். ஏறத்தாழ 4 எதிர் மியூவானுக்கு 5 நேர் மியூவான். இந்தச் சிறு ஏற்றத்தாழ்வுதான் நிகரக் குறைவாக வெளியே தெரிகிறது. 130 கோடி வோல்ட் இருந்தும் எண்ணிக்கை 2 சதவீதம் மட்டுமே இறங்கியதற்கு இதுதான் காரணம்.

2 சதவீதத்தைப் பார்க்க எவ்வளவு பெரிய கருவி வேண்டும்? எண்ணிக்கையின் இயல்பான ஏற்ற இறக்கம் அதன் வர்க்கமூலம் அளவுக்கு இருக்கும். ஒரு சதுர மீட்டர் கருவியில் நிமிடத்துக்குச் சுமார் 5,000 மியூவான் விழும். வர்க்கமூலம் 70, அதாவது 1.4 சதவீதம். 2 சதவீதக் குறைவு அதில் மூழ்கிப்போகும். கிரேப்ஸ்-3-இன் பரப்பு 560 சதுர மீட்டர். ஒரு நாளைக்கு 400 கோடி மியூவான், நிமிடத்துக்குச் சுமார் 28 லட்சம். இங்கே ஏற்ற இறக்கம் 0.06 சதவீதம்தான். 169 கட்டங்களாகப் பிரித்தால் ஒரு கட்டத்துக்குச் சராசரியாக 16,000 என்று ஆகி, பிழை மீண்டும் 0.8 சதவீதத்துக்கு ஏறிவிடும். அதனால் தனிக் கட்டத்தை நம்ப முடியாது. டிசம்பர் 1 அன்று அடுத்தடுத்த 45 கட்டங்களில் ஒன்றாகக் குறைவு தெரிந்தது. அவற்றைச் சேர்த்துப் பார்த்தபோதுதான் சந்தேகத்துக்கு இடமில்லாமல் போனது.

மியூவான் எண்ணிக்கையை மாற்றுவது இடிமேகம் மட்டுமல்ல. காற்றழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் கூடினால் எண்ணிக்கை சுமார் 0.13 சதவீதம் குறையும். வெப்பமண்டலத்தில் காற்றழுத்தம் நாளுக்கு இருமுறை ஏறி இறங்கும். மேல் வளிமண்டல வெப்பநிலை பருவத்தோடு மாறும். சூரியனிலிருந்து வரும் காந்தப்புலக் கொந்தளிப்பு காஸ்மிக் கதிரையே குறைக்கும். அதிர்ஷ்டவசமாக இவை மணிக்கணக்கில் அல்லது நாள்கணக்கில் நகர்பவை. இடிமேக விளைவு பத்து நிமிட அளவில் வந்துபோவது. மெதுவான போக்கைக் கழித்துவிட்டால் வேகமான பள்ளம் தனியே நிற்கும். இடிமழையோடு காற்றழுத்தம் திடீரென்று குதிப்பதும் உண்டு. அது எல்லாத் திசைகளையும் ஒன்றாகப் பாதிக்கும், மேகமோ தான் நிற்கும் பக்கத்தை மட்டும் பாதிக்கும். ஒரு குழாயில் வாயுவோ மின்னணுவோ கெட்டால் அந்தக் குழாயின் கட்டங்கள் எல்லாம் சரியும். அப்படிப்பட்ட குழாய்களை முன்கூட்டியே நீக்கிவிட வேண்டும்.

மீதிப் பள்ளத்தை வோல்ட்டாக மாற்றுவது கணினிப் போலியாக்கம். ‘கோர்சிகா’ என்ற மென்பொருளில் காஸ்மிக் கதிர் மழையை உருவாக்கி, வளிமண்டலத்தின் ஒரு பட்டையில் வெவ்வேறு மின்னழுத்தம் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் மியூவான் எவ்வளவு குறைகிறது என்று கணக்கிடுகிறார்கள். அளந்த குறைவு எந்த மின்னழுத்தத்துடன் பொருந்துகிறதோ அதுவே விடை. 2011 ஏப்ரல் முதல் 2014 டிசம்பர் வரை பதிவான 184 இடிமழைகளில் மிகப்பெரியது 130 கோடி வோல்ட் கொடுத்தது.

சுற்றுவட்டாரத்தில் 6 கிலோமீட்டர் வரை தள்ளித்தள்ளி வைத்திருந்த நான்கு மின்புல அளவிகள் வேறொரு வேலைக்கு உதவின. மேகம் ஒவ்வொன்றையும் எப்போது கடந்தது என்ற கால வித்தியாசத்திலிருந்து வேகம் மணிக்கு 60 கிலோமீட்டர் என்றும், அதைக்கொண்டு உயரம் கடல் மட்டத்திலிருந்து 11.4 கிலோமீட்டர், பரப்பு குறைந்தது 380 சதுர கிலோமீட்டர் என்றும் தெரிந்தன. இதை ஒரு மின்தேக்கியாகக் கொண்டால் கொள்ளளவு 0.85 மைக்ரோஃபாரட். 130 கோடி வோல்ட்டுக்கு அதில் தேங்கும் ஆற்றல் சுமார் 72,000 கோடி ஜூல், நம் மின்கட்டணக் கணக்கில் 2 லட்சம் யூனிட். இது 6 நிமிடத்தில் ஏறியது. அப்படியானால் திறன் குறைந்தது 2,000 மெகாவாட். கூடங்குளத்தின் முதல் இரண்டு உலைகளும் முழுத் திறனில் ஓடினால் வரும் அளவு.

மியூவான் சொல்வது பாதை முழுவதற்குமான மொத்த மின்னழுத்தத்தை மட்டுமே. அது எந்த உயரத்தில், எத்தனை அடுக்குகளில் பரவியிருக்கிறது என்பதை இந்த முறை காட்டாது. இது சிறிய விஷயமில்லை. 130 கோடி வோல்ட்டை 2 கிலோமீட்டர் தடிமனில் அடைத்தால் மீட்டருக்கு 6.5 லட்சம் வோல்ட் வருகிறது. பலூன்கள் மேகத்துக்குள் வழக்கமாகக் கண்டதைவிட இது மிக அதிகம். இன்னும் தடித்த பகுதியில் பரவியிருந்தது என்று எடுத்துக்கொண்டால் முரண் தணிகிறது. ஆகவே மொத்த எண்ணை நம்பலாம், அதன் உட்பங்கீட்டை இன்னும் நம்பக்கூடாது என்பதே சரியான வாசிப்பு.

இந்த எண்ணுக்காக ஒரு பழைய கேள்வியும் காத்திருந்தது. இடிமேகங்களில் நூறு கோடி வோல்ட் அளவில் மின்னழுத்தம் இருக்கக்கூடும் என்று இயற்பியலாளர் சி. டி. ஆர். வில்சன் 1920-களிலேயே கணித்திருந்தார். 1994-ல், காமா கதிர்களை ஆராய்ந்த காம்ப்டன் விண்கலத்தின் கருவி பூமியின் இடிமேகங்களிலிருந்து காமா கதிர்ப் பளிச்சிடல்கள் கிளம்புவதைக் கண்டதாக அறிவிக்கப்பட்டது. பிறகு அவற்றில் 10 கோடி எலக்ட்ரான் வோல்ட் வரை ஆற்றல் உள்ளவையும் பதிவாயின. அவ்வளவு ஆற்றலுள்ள கதிர் வர, எலக்ட்ரானை அதைவிட அதிகமாக முடுக்கும் இடம் மேகத்தில் இருந்தாக வேண்டும். 13 கோடி வோல்ட் அதற்கு மயிரிழையில் போதும். 130 கோடி வோல்ட் தாராளமாகப் போதும்.

உதகையில் இப்போது இதே பரப்பில் இரண்டாவது மியூவான் தொலைநோக்கியைக் கட்டும் வேலையில் ஈடுபட்டிருக்கிறார்கள். அது முடிந்தால் பார்வைப் பரப்பு 2.3 ஸ்டெரேடியனிலிருந்து (வானில் எவ்வளவு பகுதி தெரிகிறது என்பதற்கான கோண அலகு) 3.7 ஆக விரியும். இன்று மேகத்தின் ஓரம் பார்வைக்கு வெளியே போய்விடுவதால், பரப்பையும் திறனையும் ‘குறைந்தது’ என்ற அடைமொழியோடுதான் எழுத வேண்டியிருக்கிறது.